கருப்பட்டியின் காதும் அம்மாவின் எக்ஸ்ரேயும்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும், எங்கள் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், சண்டை. பூனைச் சண்டையைப் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், கைப்பிள்ளை அழுகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து, இழுத்து இழுத்து ஏறிக்கொண்டே போய், கடைசியில் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தத்தில் முடியும். வளவில் இருக்கிற நாலு வீட்டிலும் விளக்கு எரிந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மை கதவைத் திறந்து, "சவத்து மூதிகளுக்கு நேரங்காலமே கிடையாதா" என்று பொதுவாக எல்லோருக்கும் ஒரு வசவு கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பூனை கருப்பட்டி புறவாசல் வழியாக உள்ளே வந்தான். வலது காது நுனி கிழிந்து தொங்காத குறையாக இருந்தது. ரத்தம் நெற்றியில் வழிந்து கண்ணோரமாக இறங்கியிருந்தது. தலையை ஒரு உதறு உதறினான் பாருங்கள், பட்டாசல் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. போன பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்திருந்தோம்.

"ஏட்டி, காதை அத்துக்கிட்டுல்லா வந்திருக்கான்! ஓடிப் போயி காப்பித்தூளை எடுத்துட்டு வா, வச்சு அமுக்குனா நின்னுரும்." ஆச்சி கட்டிலிலிருந்தே உத்தரவு போட்டாள். அம்மா அதற்குள் மஞ்சள்பொடி டப்பாவோடு அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். தம்பி அவன் பங்குக்குக் கிருமிநாசினி பாட்டிலைத் தேடினான், தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெள்ளையாகுமே, அது. காயம்பட்டவனைத் தவிர மற்ற எல்லோர் கையிலும் ஒரு மருந்து இருந்தது.

அந்த மூன்றையும் நான் தடுத்துவிட்டேன். அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே காலையில் வேறொரு பெரிய தப்பு செய்தேன், அதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன், முதலில் காது.

காதில் தோல் மெல்லிசு, ரத்தக்குழாய் நிறைய. சின்னக் கிழிசலுக்கே கொட்டும், பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ரத்தத்தை நிறுத்த ஒரு பொடியும் வேண்டாம். துவைத்த பருத்தித் துணியை நாலாக மடித்து காதின் இரண்டு பக்கமும் வைத்து, பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றுகிற அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். கஷ்டமான வேலை என்னவென்றால் ஐந்து நிமிஷம் துணியை எடுக்காமல் இருப்பது. நின்றுவிட்டதா நின்றுவிட்டதா என்று அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஆறாவது நிமிஷம் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால், அல்லது ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டு வந்தால், அது வீட்டு வைத்தியத்தில் சேராது, கூடையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பூனையைப் பிடிக்கிற விதம் தெரியாவிட்டால் இதில் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் பழைய ஈரிழைத் துண்டு ஒன்று அவனுக்கென்றே இருக்கிறது. அதைத் தரையில் விரித்து, நடுவில் அவனை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றி ஒரு மடி, அப்புறம் இரண்டு பக்கமும் உடம்போடு ஒட்டினாற்போல இழுத்துச் சுருட்டினால் தலை மட்டும் வெளியே இருக்கும். நாலு காலும் உள்ளே. முதல் ஒரு நிமிஷம் உறுமுவான், அப்புறம் நம்மை ஒரு பார்வை பார்ப்பான், எவ்வளவு பால் ஊற்றினாலும் மன்னிக்க மாட்டேன் என்கிற பார்வை. பிடரியைப் பிடித்துத் தூக்குவதெல்லாம் குட்டிகளோடு சரி, நாலு கிலோ கடுவனை அப்படித் தூக்கினால் அவனுக்கு வலிக்கும், நமக்குத் தழும்பு கிடைக்கும்.

இனி அந்த மூன்று மருந்துகள். பூனை விஷயத்தில் காயத்தில் என்ன போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், போட்டது கால் மணி நேரத்தில் அவன் வயிற்றுக்குள் போகும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். விழித்திருக்கிற நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை தன்னை நக்கியே கழிக்கிறது. தோலில் தடவுவதும் சோற்றில் பிசைந்து கொடுப்பதும் அதைப் பொறுத்தவரை ஒன்றுதான். மாட்டுப் புண்ணில் வேப்பெண்ணெய் போடுகிறோமே என்பார்கள். மாடு பூனை மாதிரி நாள் முழுக்க உட்கார்ந்து தன்னை நக்கிச் சுத்தம் பண்ணாது, அதன் உடம்பும் வேறு. வேப்பெண்ணெயைப் பூனை நக்கினால் எச்சிலாக ஒழுகும், வாந்தி எடுக்கும்.

காப்பித்தூளில் காஃபீன் இருக்கிறது, பூனைக்கு ஆகாது. அதோடு அது புண்ணுக்குள் போய் அப்பிக்கொண்டால் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெள்ளையாகிற கிருமிநாசினி இன்னும் மோசம். அதில் இருக்கிற ஃபீனால் வகைச் சரக்கை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நமக்கும் நாய்க்கும் இருக்கிற அந்த வசதி பூனைக்கு இல்லை. (தரை துடைக்கிற பினாயிலுக்கும் இதே கதைதான். துடைத்த தரை காய்கிற வரைக்கும் நாங்கள் கருப்பட்டியை அறைக்குள் விடுவதில்லை.) மஞ்சள்பொடி இந்த மூன்றில் சாது. விஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமையலுக்கு வாங்கின பொடி கிருமி இல்லாத பொடி கிடையாது, புண்ணின் மேல் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே அழுக்கைப் பூட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் மறுநாள் காயம் சிவந்திருக்கிறதா வீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. பார்ப்பதுதான் பாதி வைத்தியம். ஆச்சியிடம் இதைச் சொன்னதற்கு, "உங்க தாத்தாவுக்கு அருவா வெட்டையே மஞ்சப்பத்துல ஆத்துனேன்" என்றாள். இருக்கலாம். தாத்தா நக்கியிருக்க மாட்டார்.

சரி, அப்படியென்றால் எதைத்தான் போடுவது? உப்புத்தண்ணீர். கேட்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மருந்துக்கடையில் டிரிப்ஸ் ஏற்றுகிற 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் கேட்டால் கிடைக்கும். அது இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்து, அதில் தலைதட்டின ஒரு சின்னத் தேக்கரண்டி தூள் உப்பு. தூத்துக்குடி பக்கத்திலிருந்து வருகிற கல்லுப்பை அளந்து போட்டால் அளவு சரியாக வராது, பொடித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவில் உப்பு இருந்தால் உடம்பின் நீரோடு ஒத்துப்போகும், எரியாது. மிச்சத்தை ஊற்றிவிட்டு மறுநாளைக்குப் புதிதாகப் போடுவது நல்லது. ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்சில் எடுத்து, கண்ணுக்கும் காதுத் துளைக்கும் போகாமல் சரித்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தாரையாக அடித்தால் உள்ளே இருக்கிற முடியும் மண்ணும் வெளியே வந்துவிடும். பஞ்சால் தேய்க்க வேண்டாம், பஞ்சின் நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு மேல் ஏதாவது செய்தால்தான் மனசு ஆறும் என்பவர்களுக்கு போவிடோன் அயோடின் இருக்கிறது. அதை அப்படியே ஊற்றக் கூடாது, பால் விடாத லேசான டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து துடைத்து, சில நிமிஷம் அவனை மடியில் பிடித்து வைத்திருந்து, மறுபடி உப்புத்தண்ணீரால் எடுத்துவிட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரித் தோன்றும், அது ஆற வருகிற புதுச் சதையையும் சேர்த்து அரிக்கிறது. மரத்துப்போகிற களிம்பு, வலி நீக்கும் ஜெல், சரும அரிப்புக்கு நாம் போடுகிற களிம்பு, எதையும் பூனையிடம் கொண்டு போகாதீர்கள்.

காயத்தைச் சுற்றியிருக்கிற முடியை வெட்டுவதற்கு ஒரு சின்ன வழி. முனை மழுங்கின கத்தரிக்கோலை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வெட்டின முடி கத்தியிலேயே ஒட்டிக்கொண்டு வரும், புண்ணுக்குள் விழாது. தோலை இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. பூனைத் தோல் ரவிக்கைத் துணி மாதிரி, இழுத்த இழுப்புக்கு வரும், கத்தரிக்குள் மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் காதுக்குச் செய்தேன். காது பிரமாதமாக ஆறியது. திங்கள்கிழமை காலையில் பொருக்கு கட்டியிருந்தது, சுற்றி இளஞ்சிவப்பு, வீக்கம் இல்லை, நாற்றம் இல்லை. செங்கோட்டையிலிருந்து வருகிற பாசஞ்சரைப் பிடிக்க சேர்மாதேவி ஸ்டேஷனுக்கு ஓடும்போது எனக்கு நானே டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டேன். ஆபீஸில் இரண்டு பேருக்குக் காதின் போட்டோவைக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை கருப்பட்டி சாளை மீனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். சாளைக்காக இரும்புக் கதவைத் திறக்கிறவன் அவன். வெயில் அப்படி, மனுசனுக்கே சோறு இறங்கவில்லை, பூனைக்கு எப்படி இறங்கும் என்று அம்மா சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். புதன்கிழமை பத்தமடைப் பாயில் சுருண்டு கிடந்தான். வழக்கமாக அந்தப் பாயை நகத்தால் கீறித்தான் அம்மாவிடம் விளக்குமாற்று அடி வாங்குவான், அன்றைக்குக் கோரையில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. ஆச்சி தொட்டுப் பார்த்து, "மேலெல்லாம் காந்துதுட்டி" என்றாள். பூனைக்கு எப்போதுமே நம்மைவிடச் சூடு அதிகம், 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம், அதனால் நம் கைக்குச் சுடுவதை வைத்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது என்று நான் படித்ததை ஆச்சியிடம் ஒப்பித்தேன். படித்தது சரிதான். ஆச்சி சொன்னதும் சரிதான்.

அன்று ராத்திரி முதுகைத் தடவும்போது, வாலடிக்கு மேலே வலதுபக்கம் கை போனதும் திரும்பி என்னைக் கடிக்க வந்தான். செல்போன் வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பார்த்தேன். பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அதன் நடுவில் இரண்டு புள்ளி. குண்டூசியால் குத்தின மாதிரி, பக்கத்தில் பக்கத்தில், காய்ந்த ரத்தம் ஒரு துளி. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையே அந்த இரண்டு புள்ளியும் அங்கே இருந்திருக்கிறது. காது அவ்வளவு சத்தம் போட்டதில் நாங்கள் யாருமே மிச்ச உடம்பைப் பார்க்கவில்லை.

பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி மெலிசு, நீளம். கடித்தால் வெளியே சின்ன ஓட்டை, உள்ளே ஆழம். பூனை வாயில் சாதாரணமாகவே குடியிருக்கிற பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளை அந்தப் பல் தோலுக்கு அடியில் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்துவிடும். பூனைத் தோல் சீக்கிரம் மூடும், ஓட்டை ஒன்றிரண்டு நாளில் அடைந்துவிடும். வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே குடித்தனம் நடக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் சீழ் கட்டி வீங்கும். எதிர்த்து நின்று சண்டை போட்ட பூனைக்கு முகத்திலும் முன்னங்காலிலும் கடி இருக்கும், ஓடின பூனைக்கு வாலடியிலும் பின்னங்காலிலும். அப்படிப் பார்த்தால் கருப்பட்டி முதலில் நின்றிருக்கிறான், அப்புறம் ஓடியிருக்கிறான். வீட்டில் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, தம்பி அவனைப் பெரிய சண்டியர் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

அந்த ராத்திரி இன்னொன்றும் நடந்தது. வலியில் முனகுகிறானே என்று தம்பி போய் ஒரு மருந்துக்கடையில் கேட்டதற்கு, கடையில் இருந்தவர் குழந்தைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்தில் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான், சின்ன உடம்புக்குச் சின்ன மருந்து என்ற கணக்கு. அது பாரசிட்டமால். பூனைக்கு அதைப்போல ஒரு விஷம் வீட்டு மருந்துப் பெட்டியில் வேறு இருக்காது. அதை முறிக்கிற வழி அதன் ஈரலில் கிட்டத்தட்ட இல்லை, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற திறனை இழந்துவிடும், ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும். பெரியவர்கள் போடுகிற 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். லேபிளைப் படிக்கிற பழக்கம் எனக்கு இருந்ததால் அன்று தப்பினான். இந்தப் பதிவில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பத்தியை மட்டும் பூனை வளர்க்கிற நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள். நம் வலி மாத்திரை எதுவும் பூனைக்குக் கிடையாது, கால் மாத்திரைகூட.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய சாரத்தை (லுங்கியை) விரித்து அவனை உட்காரவைத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். ராமையன்பட்டியில் 2012ல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே இருக்கிற மருத்துவமனைக்கும் போகலாம், ஆனால் அந்த வெயிலில் திருநெல்வேலி தாண்டிக் கொண்டுபோக மனசு வரவில்லை. எனக்கு முன்னால் ஏழு வெள்ளாடு, ஒரு கன்றுக்குட்டி. ஆட்டுக்காரர் ஒருவர் கூடையை எட்டிப் பார்த்து, "பூனைக்குமா வைத்தியம்?" என்றார். கேலியாக இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அப்புறம் அவரே எனக்கு வழிவிட்டார், "வாயில்லா சீவன், நீங்க முதல்ல காட்டுங்கம்மா" என்று. அவருடைய ஏழு ஆட்டுக்கும் எப்போது வாய் வந்தது என்று கேட்கவில்லை.

டாக்டர் முதலில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவந்தது. இது நல்லது என்றார். இதை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம், ஈறு வெளுத்துக் கிடந்தாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ அவசரம் என்று அர்த்தம். அப்புறம் வாலடி.

"எப்பம்மா சண்டை போட்டது?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலம் சார்."

"நாலு நாளா காதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

திட்டவில்லை. சும்மா சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஊசி போட்டு, முடியை வழித்து, வீக்கத்தைச் சின்னதாகக் கீறினதும் வந்தது பாருங்கள், சோறு உண்ணப்போகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிவிடுங்கள், ஒரு காப்பி டம்ளரில் பாதி. வாடை வெளியே நின்ற கன்றுக்குட்டிக்காரர் வரை போனது. பிறகு சலைனால் கழுவிக் கழுவி எடுத்தார், தையல் போடவில்லை. ஏன் சார் என்று கேட்டேன். மேலே மூடினால் உள்ளே மறுபடி கட்டும், உள்ளேயிருந்து சதை வளர்ந்து வரணும், அதுவரைக்கும் வாசல் திறந்து இருக்கட்டும் என்றார். ஞாயிறு அன்றே கொண்டுவந்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எட்டு நாள் நான் செய்ததுதான் உண்மையான வீட்டு வைத்தியம். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னாலும் சாயங்காலம் வந்த பிறகும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி, நம் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து இதமாக இருக்கிற சூடு, அதைப் புண்ணின் மேல் ஐந்து நிமிஷம். மேலே கட்டின பொருக்கு இளகி உள்ளே மிச்சம் இருக்கிறது வெளியே வரும். அப்புறம் சிரிஞ்சில் உப்புத்தண்ணீர். முதல் இரண்டு நாள் கலங்கலாக வந்தது, மூன்றாம் நாள் லேசான சிவப்புத் தண்ணீர், ஐந்தாம் நாள் தெளிவு. ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டாள், மாத்திரை கொடுக்கிற வேலை அவளுடையது, அவள் கை முழுக்கக் கீறல். நிறுத்தவில்லை, டாக்டர் சொன்ன நாள்வரை கொடுத்தோம், சாளை மீனின் வயிற்றுக்குள் செருகி. மாத்திரை இருக்கிற மீனை விட்டுவிட்டு இல்லாத மீனை அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்பது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த வெயிலில் பெரிய பயம் ஈ. மாம்பழக் காலம் வேறு. திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் துருவின தேங்காய்ப்பூவைத் துளி அப்பின மாதிரி இருக்கும், ஒரு நாளைக்குள் புழு நெளிய ஆரம்பித்துவிடும். புழு வந்துவிட்டால் வீட்டில் குடையக் கூடாது, நேராக டாக்டர்தான். மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள், முதலில் சொன்னதுதான், நக்குவான். நாங்கள் எட்டு நாளும் அவனை அறைக்குள்ளேயே வைத்து ஜன்னலில் கொசுவலை அடித்தோம். மணல் தொட்டியை எடுத்துவிட்டுப் பேப்பரைக் கிழித்துப் போட்டோம், மணல் புண்ணில் ஒட்டுகிறது.

பூனை எச்சிலே மருந்து, அதுவே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்று வளவில் எல்லோரும் சொன்னார்கள். பூனை நாக்கைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உப்புத்தாள் மாதிரி முள் முள்ளாக இருக்கும். வளர்ந்து வருகிற சதையை அது சீவி எடுத்துவிடும். வாய் புண்ணுக்கு எட்டாமல் இருக்கக் கழுத்துக்கு ஒரு கூம்பு வேண்டும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் கூம்பு திருநெல்வேலி போனால்தான் கிடைக்கும், இந்த நேரத்தில் யார் போவது. தினக்காலண்டர் அட்டையை வெட்டலாம் என்று எடுத்தேன், அதில் திருச்செந்தூர் முருகன் இருந்தார், ஆச்சி விடவில்லை. அப்போதுதான் பீரோவுக்கு மேலே பெரிய பழுப்பு உறை கண்ணில் பட்டது. அம்மாவின் எக்ஸ்ரே. இரண்டு வருஷத்துக்கு முந்தையது, முழங்கால்.

எக்ஸ்ரே ஃபிலிம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. வளையும், ஆனால் மடங்காது, தண்ணீர் பட்டால் ஊறாது, வெளிச்சமும் கொஞ்சம் உள்ளே போகும். அரைவட்டமாக வெட்டி, கழுத்துக்கு நடுவில் ஒரு வளைவு எடுத்து, வெட்டின விளிம்பெல்லாம் துணிப் பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு விரல் நுழைகிற தளர்வில் சுற்றி ஒட்டினேன். கூம்பு மூக்கு நுனிக்கு மேல் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், குறைந்தால் வளைந்து எட்டிவிடுவான். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மறுபடி மாட்டிவிட்டோம். முதல் நாள் பின்னாலேயே நடந்தான், கூம்பிலிருந்து வெளியேறிவிடலாம் என்ற நம்பிக்கையில். அம்மாவின் முட்டிச்சில்லு அவன் இடது கன்னத்துக்கு நேராக இருந்தது.

முதல் தடவை கூம்பு மாட்டும்போது என் முன்கையில் நல்ல கீறல் ஒன்று போட்டான். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன், பதினைந்து நிமிஷம் என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். கருப்பட்டிக்கு வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம், ஆனாலும் அவனை எந்த ஊர்ப் பூனை கடித்தது என்று யாருக்குத் தெரியும். ஊசி அங்கே காசில்லாமல் போடுகிறார்கள், போட்டுக்கொண்டேன். பூனைதானே என்று விடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. வெறிநோய் வந்துவிட்டால் அதற்குப் பிறகு மருந்து கிடையாது. உங்கள் பூனையை நாய் கடித்திருந்தாலும் சரி, காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாய் கவ்விக் குலுக்கியிருந்தால் வெளியே இரண்டு பல் தடம்தான் தெரியும், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பது வேறு.

இப்போதெல்லாம் சண்டைச் சத்தம் கேட்டால், வந்தவுடன் உச்சியிலிருந்து வால் நுனிவரை விரலை முடிக்கு எதிர்ப்பக்கமாக விட்டு ஒரு சுற்று தடவிப் பார்த்துவிடுகிறேன். கன்னம், முன்னங்கால், வயிறு, வாலடி, நாலு பாதத்தின் அடி. ரெண்டு மாசம் முன்னால் அப்படிப் பார்த்ததில் முன்னங்கால் பாதத்து அடிச்சதையில் உடைமுள் ஒன்று ஏறியிருந்தது, கால்வாய்க் கரைக்குப் போய்வந்திருக்கிறான். முனை வெளியே தெரிந்ததால் புருவம் பிடுங்குகிற இடுக்கியை வெந்நீரில் போட்டெடுத்து, ஏறின கோணத்திலேயே இழுத்தேன், வந்துவிட்டது. கழுவினேன், மூன்று நாள் பார்த்தேன், அவ்வளவுதான். முள் உள்ளே ஒடிந்திருந்தால் நோண்டியிருக்க மாட்டேன்.

புண் ஆறி முடி முளைத்த பிறகு டாக்டர் சொன்னபடி கருத்தடையும் செய்துவிட்டோம். கடுவனுக்கு அதைச் செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையும் பெருமளவு குறையும் என்றார். அம்மாதான் "பாவம்ட்டி" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். குறைந்திருக்கிறது. எதிராளி, காது இரண்டும் கிழிந்த சாம்பல் நிறக் கடுவன், இப்போதும் சாயங்காலம் தட்டட்டிச் சுவரில் வந்து உட்காருகிறான். நம்மவன் ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு வாலை மட்டும் ஆட்டுகிறான்.

போன வாரம் அம்மாவுக்கு மறுபடி முட்டிவலி. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அமுக்கிப் பார்த்து, நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, "பழைய எக்ஸ்ரே எதுவும் இருக்காம்மா, ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றார் எலும்பு டாக்டர். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கருப்பட்டி துண்டுக்குள் சுருட்டப்பட்டிருக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.